ரேட்டிங் சரிந்தது, வருமானம் ஏறியது: என்.பி.ஏ. ஒளிபரப்பு உரிமைகள் குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

2007ஆம் ஆண்டு ஜூன் மாதம், 22 வயது லெப்ரான் ஜேம்ஸ் முதன்முறையாக இறுதிச் சுற்றுக்கு அழைத்து வந்திருந்த கிளீவ்லாந்து கேவலியர்ஸ் அணியை, சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் அணி நான்கு ஆட்டங்களிலும் வென்று, அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.வின் கோப்பையைக் கைப்பற்றியது. அந்த ஆட்டங்களை அமெரிக்காவில் தொலைக்காட்சியில் பார்த்தவர்கள் சராசரியாக 93 லட்சம் பேர் மட்டுமே. ரேட்டிங் கணக்கில் அதுவே அன்றைய தேதி வரையிலான மிகத் தாழ்ந்த இறுதிச் சுற்று. அதே மாத இறுதியில் டிஸ்னி, டர்னர் ஆகிய இரு நிறுவனங்களும் லீக்குடனான ஒளிபரப்பு ஒப்பந்தத்தை மேலும் 8 ஆண்டுகளுக்கு, 740 கோடி டாலருக்கு நீட்டித்தன. முந்தைய ஒப்பந்தத்தில் ஆண்டுக்குச் சுமார் 76 கோடி டாலராக இருந்த தொகை 93 கோடியாக உயர்ந்தது.

இது தற்செயலாக ஒருமுறை நிகழ்ந்ததன்று. மைக்கேல் ஜோர்டன் சிகாகோ புல்ஸ் அணிக்காக ஆடிய கடைசி இறுதிச் சுற்றை 1998இல் சராசரியாக 2.9 கோடிப் பேர் பார்த்தனர். ஆறாவது ஆட்டத்தை மட்டும் 3.59 கோடிப் பேர் பார்த்தனர். 2025இல் ஓக்லஹோமா சிட்டி தண்டர், இந்தியானா பேசர்ஸ் அணிகள் ஏழு ஆட்டங்கள் வரை மோதிய இறுதிச் சுற்றின் சராசரி 1.03 கோடி. ஆக, 27 ஆண்டுகளில் பார்வையாளர் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கினர். 1998-99இல் தொடங்கிய ஒப்பந்தத்தில் ஆண்டுக்கு 66 கோடி டாலராக இருந்த தேசிய ஒளிபரப்பு வருமானமோ, 2025-26இல் தொடங்கிய ஒப்பந்தத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 690 கோடி டாலராகிவிட்டது. இடைப்பட்ட காலத்தில் அமெரிக்காவில் பொதுவான விலைவாசி இரு மடங்கே ஆனது என்பதைக் கழித்துப் பார்த்தாலும் வளர்ச்சி ஐந்து மடங்கு. அப்படியானால் தொலைக்காட்சி ரேட்டிங் சரிவது தொழில்முறைக் கூடைப்பந்தின் வெற்றிக்கு ஒரு பொருட்டே இல்லையா என்பதுதான் இந்த ஆய்வின் கேள்வி.

என் முடிவை முன்னதாகவே சொல்லிவிடுகிறேன். ஒப்பந்தம் நடப்பில் இருக்கும் ஆண்டுகளில், பணம் என்ற அளவுகோலில், ரேட்டிங் சரிவு லீக்கை ஏறக்குறையத் தொடவே இல்லை. ஆனால் அந்தப் பணம் வந்த வழி பார்வையாளரை நம்பி அமைந்த வழி அல்ல என்பதனால்தான் அது தொடவில்லை. அந்த வழி அடைபட்ட இடங்களில் என்ன ஆனது என்பதையும் பின்னால் பார்ப்போம்.

எண்களை ஒப்பிடுவதில் ஒரு எச்சரிக்கை தேவை. தொலைக்காட்சிப் பார்வையாளரை நீல்சன் நிறுவனம் அளக்கும் முறை இந்தக் காலத்தில் பலமுறை மாறியிருக்கிறது. உணவகங்களிலும் விடுதிகளிலும் வீட்டுக்கு வெளியே பார்ப்பவர்களை 2020 முதல்தான் தேசியக் கணக்கில் சேர்த்தார்கள்; பின்னர் அந்த வட்டத்தையும் விரிவுபடுத்தினார்கள். எனவே 2025இன் 1.03 கோடி என்பது 1998ஆம் ஆண்டு முறையில் அளந்திருந்தால் இன்னும் குறைவாகவே இருந்திருக்கும். மறுபுறம், 75 லட்சத்துக்கு இறங்கிய 2020ஆம் ஆண்டு இறுதிச் சுற்றை, பெருந்தொற்றுக் காலத்தில், ஆளில்லா அரங்கில், அக்டோபர் மாதத்தில் அமெரிக்கக் கால்பந்துடன் போட்டியிட்டு நடந்த ஆட்டங்கள் என்ற சூழலிலிருந்து பிரித்துப் படிக்கக் கூடாது. 2017இல் கோல்டன் ஸ்டேட், கிளீவ்லாந்து அணிகள் மூன்றாவது ஆண்டாகத் தொடர்ந்து மோதியபோது சராசரி 2 கோடியைத் தாண்டியது. ஆகவே சரிவு நேர்கோடாக வந்ததன்று. ஆயினும் அதன் திசையில் ஐயமில்லை.

ரேட்டிங் உண்மையிலேயே உயிர்ப் பிரச்சினையாக இருந்த ஒரு காலமும் இந்த லீக்குக்கு உண்டு. 1980ஆம் ஆண்டு மே 16 அன்று, காயமடைந்த கரீம் அப்துல் ஜப்பாரின் இடத்தில் சென்டர் எனப்படும் மைய ஆட்டக்காரராக இறங்கிய 20 வயது மேஜிக் ஜான்சன் 42 புள்ளிகளும் 15 ரீபவுண்டுகளும் எடுத்து லாஸ் ஏஞ்சலிஸ் லேக்கர்ஸ் அணிக்குக் கோப்பையை வென்று தந்தார். அந்த ஆட்டத்தைப் பெரும்பாலான நகரங்களில் சி.பி.எஸ். தொலைக்காட்சி நேரடியாக ஒளிபரப்பவில்லை, பதிவு செய்து, இரவுச் செய்திகளுக்குப் பிறகே காட்டியது. அன்று பல அணிகள் நட்டத்தில் ஓடிக்கொண்டிருந்தன. விளம்பரதாரர் தரும் பணமே சேனலின் வருமானம். விளம்பரத்தின் விலையைத் தீர்மானிப்பது ரேட்டிங். ரேட்டிங் இல்லையென்றால் நல்ல நேரமில்லை, நல்ல நேரமில்லையென்றால் ரேட்டிங் இல்லை என்ற சுழலில் லீக் சிக்கியிருந்தது. மேஜிக்கும் பாஸ்டன் செல்டிக்ஸ் அணியின் லாரி பேர்டும், அவர்களுக்குப் பின் ஜோர்டனும், 1984இல் லீக்கின் தலைமை நிர்வாகியான ஆணையராகப் பொறுப்பேற்ற டேவிட் ஸ்டெர்னின் வணிகக் கூர்மையும் சேர்ந்துதான் அதிலிருந்து மீட்டன. ரேட்டிங் ஒரு லீக்கின் கழுத்தைப் பிடிக்கும் என்று இன்றும் நம்புபவர்கள் மனத்தில் வைத்திருப்பது அந்தக் காலத்து அமைப்பைத்தான்.

பணம் வரும் வழியை மாற்றியது, பல சேனல்களை ஒன்றாகக் கட்டி விற்கும் கேபிள் தொகுப்பு. டிஸ்னியின் ஈ.எஸ்.பி.என்., டர்னரின் டி.என்.டி. போன்ற கேபிள் சேனல்களுக்கு விளம்பரம் இரண்டாம் வருமானமே. ஒவ்வொரு கேபிள் இணைப்பிலிருந்தும் மாதந்தோறும் ஒரு தொகை அவற்றுக்குப் போய்ச் சேரும். அந்த வீட்டில் யாராவது கூடைப்பந்து பார்க்கிறார்களா என்பது கணக்கிலேயே வராது. ஈ.எஸ்.பி.என். மட்டும் ஓர் இணைப்புக்கு மாதம் 9 டாலருக்கு மேல் பெறுவதாகக் கணிக்கப்படுகிறது. 2010களின் தொடக்கத்தில் சுமார் 10 கோடி இல்லங்களில் இத்தகைய இணைப்பு இருந்தது. அதாவது சமையல் நிகழ்ச்சி மட்டுமே பார்க்கும் ஒரு மூதாட்டியும் ஒவ்வொரு மாதமும் என்.பி.ஏ. ஆட்டக்காரர்களின் சம்பளத்தில் ஒரு சிறு பங்கைச் செலுத்திக்கொண்டிருந்தார். இந்த அமைப்பில் விளையாட்டு உரிமையின் பயன் பார்வையாளரைத் திரட்டித் தருவது மட்டுமல்ல. அந்தச் சேனலைத் தொகுப்பிலிருந்து நீக்கினால் வாடிக்கையாளர் கொந்தளிப்பார் என்ற அச்சத்தைக் கேபிள் நிறுவனத்தின் மனத்தில் நிறுத்தி வைப்பதே அதன் பெரும்பயன். அந்த அச்சத்துக்குத் தீவிர ரசிகர்கள் சில லட்சம் பேர் போதும். 2014இல் 9 ஆண்டுகளுக்கு 2,400 கோடி டாலர் என்ற ஒப்பந்தம் இந்தக் கணக்கின் மீதுதான் நின்றது.

அதற்குப் பின் அந்தத் தொகுப்பே கரையத் தொடங்கியது. 10 கோடி இல்லங்கள் சுமார் 7 கோடியாகச் சுருங்கின. ரேட்டிங் சரிவுக்கு இது ஒரு நேரடியான காரணம்: ஆட்டத்தைக் காட்டும் சேனல் வீட்டில் இல்லாதவர் அதைப் பார்க்க வழியில்லை. விந்தை என்னவென்றால், இதே கரைவு விளையாட்டின் விலையைக் கூட்டியது. நாடகத் தொடர்களும் திரைப்படங்களும் ஓடிடி தளங்களுக்குப் போய்விட்ட பிறகு, ஒரு குறிப்பிட்ட நேரத்தில் உட்கார்ந்து நேரடியாகப் பார்த்தே ஆக வேண்டியவை என்று தொலைக்காட்சியில் எஞ்சியது விளையாட்டு மட்டுமே. 2023இல் அமெரிக்காவில் மிக அதிகம் பேர் பார்த்த 100 ஒளிபரப்புகளில் 93 அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்.எஃப்.எல். ஆட்டங்கள். கூடைப்பந்து அந்தப் பட்டியலில் ஏற முடியாதுதான். ஆனால் அக்டோபர் முதல் ஜூன் வரை ஏறக்குறைய எல்லா இரவுகளையும் நிரப்பக்கூடிய நேரடி நிகழ்ச்சி வேறு எதுவும் அத்தனை எளிதில் விலைக்குக் கிடைப்பதில்லை.

2025-26இல் நடப்புக்கு வந்த, 2024 ஜூலையில் முடிவான ஒப்பந்தத்தைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும், ஏனெனில் விடை அதற்குள்தான் இருக்கிறது. டி.என்.டி.யின் தாய் நிறுவனமான வார்னர் பிரதர்ஸ் டிஸ்கவரியின் தலைவர் டேவிட் சாஸ்லவ், என்.பி.ஏ. இல்லாமலும் தங்களால் இயங்க முடியும் என்ற பொருளில் 2022 நவம்பரில் முதலீட்டாளர் கூட்டத்தில் பேசினார். ரேட்டிங்கை மட்டும் பார்த்தால் அது நியாயமான பேச்சு. ஆனால் 2002இல் என்.பி.ஏ.வை விட்டுவிட்ட என்.பி.சி. தொலைக்காட்சி, பீகாக் என்ற தன் ஓடிடி தளத்துக்குச் சந்தாதாரர் தேடிக்கொண்டிருந்தது. அமேசான் தன் பிரைம் வீடியோவை விளையாட்டுத் தளமாக வளர்த்துக்கொண்டிருந்தது. டிஸ்னி, என்.பி.சி., அமேசான் மூன்றும் 11 ஆண்டுகளுக்குச் சுமார் 7,600 கோடி டாலர் தர முன்வந்தன. அமேசானின் பங்கான ஆண்டுக்கு 180 கோடி டாலரைத் தானும் தருவதாக வார்னர் நிறுவனம் கடைசி நேரத்தில் சொன்னபோது, நிபந்தனைகள் ஒத்துப்போகவில்லை என்று லீக் அதை நிராகரித்தது. வழக்குத் தொடுக்கப்பட்டு, அது நவம்பரில் சமரசத்தில் முடிந்தது. டர்னர் குழுமத்துக்கும் லீக்குக்கும் இடையே ஏறத்தாழ 40 ஆண்டுகள் நீடித்த ஒளிபரப்பு உறவு 2024-25 சீசனுடன் முடிவுக்கு வந்தது.

உரிமையை இழந்த சில வாரங்களில், 2024 ஆகஸ்டில், வார்னர் நிறுவனம் தன் தொலைக்காட்சிச் சேனல்களின் மதிப்பை 910 கோடி டாலர் குறைத்துக் கணக்குக் காட்டியது. என்.பி.ஏ. உள்ளிட்ட விளையாட்டு உரிமைகள் குறித்த நிச்சயமின்மையும் அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. ஒரு சேனலுக்கு என்.பி.ஏ. தேவைப்படும் அளவும், அதை எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்ற எண்ணும் இரு வேறு அளவுகள் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை. விலையைத் தீர்மானித்தது, வேண்டும் என்று கேட்டவர்கள் எத்தனை பேர், கிடைக்காவிட்டால் ஒவ்வொருவருக்கும் எவ்வளவு வலிக்கும் என்பதே. 2024இல் டிஸ்னி தன் இடத்தைத் தக்கவைத்துக்கொள்ள, எஞ்சிய இரண்டு இடங்களுக்கு என்.பி.சி., அமேசான், வார்னர் என மூவர் முட்டி மோதினர்.

அந்தப் பணம் எங்கே போகிறது என்பதைப் பார்த்தால் வெற்றி என்ற சொல்லுக்கு லீக்குக்குள் என்ன பொருள் என்பது விளங்கும். லீக்குக்கும் ஆட்டக்காரர் சங்கத்துக்கும் இடையிலான கூட்டு ஒப்பந்தப்படி கூடைப்பந்து சார்ந்த வருமானத்தில் ஏறத்தாழ பாதி ஆட்டக்காரர்களுக்கு உரியது. 2014இல் போட்ட ஒப்பந்தத்தின் பணம் வந்து இறங்கிய 2016இல் அணிகளின் சம்பள உச்சவரம்பு ஒரே ஆண்டில் 7 கோடி டாலரிலிருந்து 9.41 கோடிக்குத் தாவியது. அந்தத் தாவலில் கிடைத்த இடத்தைக் கொண்டுதான், முந்தைய சீசனின் 82 ஆட்டங்களில் 73ஐ வென்றிருந்த கோல்டன் ஸ்டேட் அணி நட்சத்திர ஆட்டக்காரர் கெவின் டியூரன்ட்டையும் சேர்த்துக்கொண்டது. ஒளிபரப்பு ஒப்பந்தம் களத்தின் சமநிலையையே குலைத்த அந்த அனுபவத்துக்குப் பிறகு, உச்சவரம்பு ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேல் உயரக் கூடாது என்று விதி வகுத்துக்கொண்டார்கள். 2025-26இல் அது 15.46 கோடி. 2025இல் கோப்பை வென்ற ஓக்லஹோமா சிட்டியின் ஷே கில்ஜஸ் அலெக்சாண்டர், குறைந்த பார்வையாளரைக் கண்ட இறுதிச் சுற்றுகளில் ஒன்றை முடித்த அடுத்த மாதமே 4 ஆண்டுகளுக்கு 28.5 கோடி டாலர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். ஆண்டுச் சராசரியில் அன்று வரையிலான லீக் வரலாற்றிலேயே அதுதான் உயர்ந்தது. 2002இல் 36 கோடி டாலருக்குக் கைமாறிய பாஸ்டன் செல்டிக்ஸ் 2025இல் 610 கோடிக்கு விலை பேசப்பட்டது. அதே ஆண்டு லேக்கர்ஸ் 1,000 கோடி டாலர் மதிப்பில் கைமாறியது.

அரங்குகளும் காலியாகவில்லை. 2023-24இல் ஆட்டங்களை நேரில் கண்டவர்கள் 2.25 கோடிப் பேர்; அதுவரை அதுவே சாதனை. ஓக்லஹோமா சிட்டி மக்கள் 2023 டிசம்பரில் வாக்களித்து, தங்கள் விற்பனை வரியிலிருந்து குறைந்தது 90 கோடி டாலர் செலவில் புதிய அரங்கம் கட்ட ஒப்புக்கொண்டனர். அத்தகைய செலவைப் பொதுப் பணத்தில் செய்வது சரியா என்பது வேறு விவாதம். தேசிய ரேட்டிங்கில் சிறு சந்தை என்று ஒதுக்கப்படும் ஓர் ஊரில் அந்த அணிக்கு இருக்கும் வேர் எத்தனை ஆழமானது என்பதை மட்டும் இங்கே குறித்துக்கொள்ள வேண்டும்.

இதுவரை சொன்னது லீக்கின் தரப்பு. அதில் உண்மை இருக்கிறது. ஆனால் தேசிய ஒப்பந்தத்துக்கு வெளியே, உள்ளூர் ஒளிபரப்பில் நடந்ததை லீக்கின் வெற்றிக் கதைகளில் யாரும் முன்னால் வைப்பதில்லை. ஓர் அணியின் 82 ஆட்டங்களில் பெரும்பாலானவை அந்தந்த வட்டாரத்தின் விளையாட்டுச் சேனலில்தான் வந்தன. அவையும் அதே கேபிள் தொகுப்பில் வாழ்ந்தவை. சின்க்ளேர் நிறுவனம் 2019இல் அத்தகைய 21 சேனல்களைச் சுமார் 1,000 கோடி டாலருக்கு வாங்கியது. இணைப்புகள் வேகமாகக் குறைந்தன. அந்தச் சேனல்களை நடத்திய டயமண்ட் ஸ்போர்ட்ஸ் குழுமம் 800 கோடிக்கு மேற்பட்ட கடனுடன் 2023 மார்ச்சில் திவால் பாதுகாப்புக் கோரியது. என்.பி.ஏ. அணிகளில் ஏறத்தாழ பாதி அவர்களிடம்தான் ஒப்பந்தம் வைத்திருந்தன. பணம் குறைக்கப்பட்டது, காலம் குறைக்கப்பட்டது, சில அணிகள் வெளியேறின. பார்வையாளரைச் சாராத வருமானம் எவ்வளவு வசதியானதோ, அவ்வளவு திடீரென்று நின்றும் போகும். தேசிய உரிமையைத் தாங்கிப் பிடிக்க அமேசான் வந்தது. வட்டார உரிமைக்கு அப்படி யாரும் வரவில்லை.

அந்த இடிபாட்டுக்குள் நடந்த ஒன்றுதான் இந்த ஆய்வில் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. பீனிக்ஸ் சன்ஸ் அணியும் யூட்டா ஜாஸ் அணியும் 2023இல் கேபிளைக் கைவிட்டு, ஆன்டெனா வைத்திருக்கும் எவரும் இலவசமாகப் பார்க்கக்கூடிய உள்ளூர் நிலையங்களுக்குத் தங்கள் ஆட்டங்களைக் கொடுத்தன. அவை சென்றடையும் வீடுகள் பல மடங்கு பெருகின. கேபிள் தரக்கூடிய உறுதியான பெருந்தொகையை விட்டுக்கொடுத்து, ஆட்டத்தை எல்லோர் வீட்டுக்குள்ளும் கொண்டுபோய்ச் சேர்ப்பதைத் தேர்ந்தெடுத்தார்கள். பார்வையாளர் எண்ணிக்கை ஒரு பொருட்டல்ல என்று உண்மையாகவே நம்பும் அணி உரிமையாளர் அப்படிச் செய்திருக்க மாட்டார்.

கிடைக்கச் செய்தால் பார்க்கிறார்கள் என்பதற்கு 2024 கிறிஸ்துமஸ் நாளும் சான்று. அந்த சீசனின் தொடக்க வாரங்களில் ரேட்டிங் கடுமையாகச் சரிந்திருந்தது. சீசன் முடிவில் தேசிய ஒளிபரப்புகளின் சராசரி 15 லட்சத்தைச் சற்றே தாண்டியது. ஆனால் டிசம்பர் 25 அன்று நடந்த ஐந்து ஆட்டங்களும் ஏ.பி.சி. என்ற இலவசச் சேனலிலும் காட்டப்பட்டபோது சராசரி 52 லட்சத்தைத் தாண்டி, முந்தைய ஆண்டைவிட 84 சதவீதம் உயர்ந்தது. என்.எஃப்.எல். அன்று நெட்ஃபிளிக்ஸில் இரண்டு ஆட்டங்களை வைத்துப் போட்டியிட்ட போதும் இப்படி.

சரிவுக்கு ஆட்டத்தின் போக்கையே குற்றம் சொல்பவர்களும் உண்டு. 2014-15இல் ஓர் அணி ஓர் ஆட்டத்தில் தொலைவிலிருந்து எறியும் மூன்று புள்ளி எறிதல்களைச் சராசரியாக 22 முறை முயன்றது. 2024-25இல் அது 37ஐத் தாண்டியது. எல்லா அணிகளும் ஒரே பாணியில் ஆடுகின்றன என்ற முறையீட்டில் எனக்கும் உடன்பாடு உண்டு. வளையத்தின் அருகே முதுகு காட்டி நின்று ஆடும் கலை மங்கிவருவது வருந்தத்தக்கதே. ஆனால் கேபிளில் வரும் ஏறக்குறைய எல்லாமே இதே காலத்தில் இதே வேகத்தில் சரிந்திருக்கும்போது, பழியை மூன்று புள்ளி எறிதலின் மேல் சுமத்துவது பொருந்தாது. நட்சத்திர ஆட்டக்காரர்களை உடல்நலத்துடன் இருக்கும்போதே ஓய்வென்று உட்கார வைக்கும் பழக்கம்தான் இதைவிட மோசமான கேடு. சீட்டு வாங்கி வந்தவரையும் சேனலைத் திருப்பியவரையும் அது ஒருசேர ஏமாற்றுகிறது. முக்கிய விருதுகளுக்குத் தகுதி பெற 65 ஆட்டங்கள் ஆடியிருக்க வேண்டும் என்று 2023இல் கொண்டுவந்த விதியை அந்த வகையில் வரவேற்கிறேன்.

இனி பார்ப்பவரின் செலவு. 2025-26 முதல் தேசிய அளவிலான எல்லா ஆட்டங்களையும் பார்க்க விரும்பும் ஓர் அமெரிக்க ரசிகருக்கு ஈ.எஸ்.பி.என்., பீகாக், பிரைம் வீடியோ மூன்றும் தேவை. சொந்த ஊர் அணியின் ஆட்டங்களுக்கு வேறொரு சந்தா. இந்தச் செலவு குறித்து 2025 செப்டம்பரில் கேட்கப்பட்டபோது, கூடைப்பந்து பெரிதும் சிறு காட்சித் துணுக்குகளால் ரசிக்கப்படும் விளையாட்டு என்றும், அவை இலவசமாகவே கிடைக்கின்றன என்றும் ஆணையர் ஆடம் சில்வர் பதில் சொன்னார். அந்தப் பதில் என்னைக் கவலைப்பட வைக்கிறது. யூடியூபில், பந்தை வளையத்துக்குள் அடித்து இறக்கும் ஒரு டங்க் காட்சியைப் பார்க்கும் சிறுவனுக்கு அந்த வீரரின் பெயர் தெரியும். நான்காவது கால்பகுதியில் ஆறு புள்ளிகள் பின்தங்கிய அணி தன் தற்காப்பை மாற்றி ஆட்டத்தைத் திருப்பும் பத்து நிமிடங்களின் பதற்றம் அவனுக்குத் தெரியாது. முழு ஆட்டத்தையும் உட்கார்ந்து பார்க்கும் பழக்கம் சிறு வயதில் வீட்டில் உருவாவது. ரேட்டிங் அளப்பது அந்தப் பழக்கத்தின் பரப்பைத்தான். அது சுருங்குவதன் விளைவு நடப்பு ஒப்பந்தத்தின் கணக்கேட்டில் தெரியாது. 2036இல் அந்த ஒப்பந்தம் முடியும்போது, 2025இல் எட்டு வயதில் இருந்த பிள்ளைகள் சொந்தமாகச் சந்தா கட்டும் வயதை அடைந்திருப்பார்கள். அடுத்த ஏலத்தில் கேட்க வருபவர்கள் எத்தனை பேர் என்பது அந்தப் பிள்ளைகள் எதற்குப் பணம் கட்டத் தயாராக இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. இரண்டு இடங்களுக்கு மூவர் வந்த நிலை மறுபடியும் வாய்க்கும் என்பதற்கு யாரும் உறுதி தர முடியாது.

ஆணையரின் பேச்சைவிட லீக் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின் ஒரு பிரிவை நான் கூடுதலாக நம்புகிறேன். முந்தைய ஒப்பந்தத்தில் இலவசத் தொலைக்காட்சியில் வர வேண்டிய வழக்கமான சீசன் ஆட்டங்கள் குறைந்தது 15. புதிய ஒப்பந்தத்தில் அது 75. அந்த ஆட்டங்களில் பெரும்பகுதி, ஒரு காலத்தில் ஜோர்டனின் இறுதிச் சுற்றுகளைக் காட்டிய அதே என்.பி.சி.க்குப் போயிருக்கிறது. ரேட்டிங்கைப் பொருட்படுத்தாமலேயே 7,600 கோடி டாலர் பெற முடிந்த ஒரு லீக், அந்தப் பேச்சுவார்த்தைக்குள்ளேயே கேபிள் இல்லாத வீடுகளுக்கான கதவை ஐந்து மடங்கு அகலமாகத் திறந்து வைக்கக் கேட்டு வாங்கியிருக்கிறது.